பிறர் கையால் எழுதிய நம் சரித்திரம்

சரித்திரம் என்றவுடன் அரசர்களும் போர்களும் கோட்டை கொத்தளங்களும் நம் நினைவில் எழுகின்றன. ஆனால் ஒரு தனி மனிதன் தன் உழைப்பின் சரித்திரத்தை ஒரே தாளில் எழுதிக்காட்ட வேண்டிய நாள் ஒன்று வருமாயின், அன்று அவனுக்குச் சோழனும் துணை வாரான். பாண்டியனும் துணை வாரான். நீண்ட காலம் ஓரிடத்தில் உழைத்தவனுடைய உத்தியோகம் திடீரென்று போய்விட்டால், அவன் முன்பின் அறியாத ஓர் எஜமானனிடம் சென்று, "நான் இன்னின்ன செய்தவன், இன்னின்ன செய்ய வல்லவன்" என்று எழுத்தில் சொல்ல வேண்டியவனாகிறான். அத்தாளை இக்காலத்தில் தன்விவரக் குறிப்பு என்றும், ரெஸ்யூமே என்றும் வழங்குகின்றோம்.

அதனை எழுதுவதற்கு, அத்துறை தெரிந்த ஒருவரின் உதவியை நாடுவது இழிவா? நம் மக்களிற் பலர் இழிவென்றே எண்ணுகின்றனர். "எனக்கு எழுதத் தெரியாதா?" என்று படித்தவர் நாணுகின்றார். "எனக்கு எழுத என்ன இருக்கிறது?" என்று பாட்டாளி ஒதுங்குகின்றார். இவ்விரு எண்ணங்களும் எங்கிருந்து வந்தன என்பதைச் சரித்திரம் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

முதலில் ஒரு மேனாட்டுச் செய்தி. இத்தாலி தேசத்து லியொனார்டோ டா வின்சியை அறியாதார் இலர். அவர் 1482ஆம் ஆண்டை ஒட்டி, மிலான் நகரை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்ஸாவுக்கு உத்தியோகம் வேண்டி எழுதிய கடிதத்தின் பிரதியொன்று இன்றும் இருக்கின்றது. எளிதிற் கொண்டு செல்லத்தக்க பாலங்கள், முற்றுகைக் கருவிகள், பீரங்கிகள் என்று தாம் செய்ய வல்லவற்றை வரிசையாக எண்ணிட்டுச் சொல்லிச் சென்ற அவ்வறிஞர், தாம் சித்திரம் எழுத வல்லவர் என்பதைக் கடிதத்தின் கடைசியில்தான் குறிப்பிடுகின்றார். போர்ப் பயமுள்ள அரசனுக்கு முதலில் தேவைப்படுவது எது என்பதை உணர்ந்து எழுதிய கடிதம் அது. மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. இடக்கையால் வலமிருந்து இடமாக எழுதும் வழக்கமுடைய லியொனார்டோவின் கையெழுத்தில் அப்பிரதி இல்லை. எழுதப் பழகிய வேறொருவர் கையால் எழுதப்பெற்றது என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. உலகம் போற்றும் ஓர் அறிஞர் தம் விண்ணப்பத்துக்குப் பிறர் கையை நாடியிருக்க, நமக்கு மட்டும் அதில் நாணம் என்ன?

நாணத்துக்குக் காரணம் உண்டு. நம்மவருடைய வாழ்க்கையில் எழுத்து என்பது நெடுங்காலம் நம்மைக் கட்டும் கயிறாகவே இருந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் "துண்டு" என்றொரு சீட்டு வழங்கி வந்தது. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்துக்குப் போக விரும்பும் தமிழ்த் தொழிலாளருக்குத் துரை கொடுக்கும் காகிதம் அது. இவர்கள் பேரில் இவ்வளவு கடன் நிற்கிறது. அதனைச் செலுத்தினால் இவர்களை விடுவிப்போம் என்பதே அதன் சாரம். அத்துண்டு இல்லாமல் வேறு தோட்டத்தில் வேலை பெறுவது அரிது. ஒருவன் எத்தனை வருஷம் உழைத்தான், என்ன தொழில் கற்றான் என்ற பேச்சே அதில் இல்லை. எவ்வளவு கடன்பட்டான் என்பது மாத்திரமே உண்டு. தொழிலாளியின் முதல் தன்விவரக் குறிப்பு அவனுடைய கடன் கணக்காயிருந்தது என்றால் அது மிகையாகாது. 1921ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் அத்துண்டு முறையை ஒழித்தது.

மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910இல் இந்தியத் தொழிலாளரைப் பொறுத்தவரை நிறுத்தப்பட்டது. கங்காணி முறையோ, உதவிப் பயணத்தில் தொழிலாளர் வருவதை இந்திய சர்க்கார் 1938இல் தடுக்கும் வரையில் நீடித்தது. இங்கே தொழிலாளியின் சரித்திரம் எங்கே இருந்தது? பொழுது விடியுமுன் பிரட்டுக் களத்தில் நின்று பேர் கொடுத்தால், கிராணி செக்ரோலில் ஒரு கோடு இழுப்பார். அக்கோடு விழுந்தால் சம்பளம். விழாவிட்டால் அன்றைய உழைப்பு காற்றோடு போயிற்று. முப்பது வருஷம் பால் வெட்டியவனுடைய வாழ்க்கை முழுவதும் அக்கோடுகளாகவே தோட்டத்து ஆபீஸ் அலமாரியில் அடைபட்டுக் கிடந்தது. அப்புத்தகம் தோட்டத்தினுடையது, உழைத்தவனுடையது அன்று. வேறு தோட்டம் போகும்போது அவன் கொண்டுபோகத்தக்கதாயிருந்தது கங்காணியின் வாய்ச்சொல் ஒன்றே. கங்காணி நல்லவன் என்றால் நல்லவன். கலகக்காரன் என்றால் கலகக்காரன்.

பெண்களின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. ஆணுக்கு நாட்கூலி 50 காசு என்று நிர்ணயித்த காலத்தில் பெண்ணுக்கு 40 காசு. சம்பளத்திலும் சரி, சரித்திரத்திலும் சரி, அவளுக்கு இடம் குறைவே. நிரை எடுத்துப் பால் வெட்டிய பெண்ணும், ஆயாக்கொட்டகையில் ஊரார் பிள்ளைகளையெல்லாம் வளர்த்த பெண்ணும், "என்ன வேலை செய்தாய்?" என்று கேட்டால் இன்றைக்கும் "சும்மா தோட்டத்து வேலைதான்" என்றே விடை கூறுகின்றனர். அந்தச் "சும்மா" என்ற சொல்லுக்குள் எத்தனை வருஷத்து உழைப்பு புதைந்து கிடக்கின்றது!

இனிப் படித்தவர் பக்கம் திரும்புவோம். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் ஆங்கிலப் பாடசாலைகள் தோன்றி, கேம்பிரிட்ஜ் பரீட்சை தேறிய வாலிபர் கிராணி உத்தியோகம் தேடி வந்தபோது, அவர் கையில் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று பரீட்சைப் பத்திரம். மற்றொன்று துரைமார் எழுதிக் கொடுத்த நற்சாட்சிப் பத்திரம். "இவன் யோக்கியன், கீழ்ப்படிதலுள்ளவன், நிதானமானவன்" என்று நாலு வரி இருந்தால் அது பொன்னினும் பெரிது. அசலை உயிர்போல் காத்து, டைப் அடித்த நகல்களை மாத்திரம் விண்ணப்பத்தோடு அனுப்புவர். அப்பத்திரங்களைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். திறமையைக் காட்டிலும் கீழ்ப்படிதலே அவற்றில் முன்னே நிற்கும். மனிதன் என்ன செய்தான் என்பதன்று, எவ்வளவு தூரம் குனிந்தான் என்பதே அளவுகோல்.

இவ்விரு சாராருக்கும் நடுவே தோன்றியவர்தாம் மனு எழுதுவோர். நீதிமன்றத்தின் அருகிலும், அஞ்சலகத்தின் அருகிலும், கடைத்தெருவின் ஐந்தடி நடைபாதையிலும் ஒரு சிறு மேசை, ஒரு டைப்ரைட்டர், மைக்கூடு, முத்திரைத் தலைகள் — இவையே அவருடைய மூலதனம். ஊருக்குக் கடிதம் எழுதுவார், பணவிடைத்தாள் நிரப்புவார், வேலைக்கு விண்ணப்பம் எழுதுவார். தோட்டங்களில் இவ்வேலையைப் பெரும்பாலும் கிராணியோ பாடசாலை ஆசிரியரோ செய்தார். எழுத்தறியாத நம் மக்களுக்கு இவர்கள் செய்த உபகாரம் சிறிதன்று. ஆயினும் அவர்கள் எழுதிய வாசகம் யாது? கனம் பொருந்திய துரையவர்களின் பாதத்தில் தொடங்கி, ஏழைக் குடும்பத்தின் கண்ணீரில் நடந்து, கீழ்ப்படிதலுள்ள அடிமை ஊழியன் என்ற கையொப்பத்தில் முடியும். மனு என்றாலே இரப்பு என்று ஆயிற்று. பிறர் உதவியால் எழுதுவது இழிவு என்ற எண்ணம் நம் நெஞ்சில் பதிந்ததற்கு வேர் இதுவே. இழிவு உதவி கேட்டதில் இல்லை. அவ்வுதவி நம்மைக் குனியவைத்ததில் இருந்தது.

இந்த மனுக்கள் மலைபோல் குவிந்த காலம் ஒன்று உண்டு. சுயமரியாதை இயக்கத் தலைவர் ஈ. வெ. ராமசாமி அவர்கள் 1929 டிசம்பரில் மலாயா வந்து, தலைநிமிர்ந்து வாழுங்கள் என்று நம் மக்களுக்கு எடுத்துரைத்தார். அவர் திரும்பிச் சென்ற ஆண்டிலேயே ரப்பர் விலை பாதாளம் நோக்கிச் சரிந்தது. 1929இல் றாத்தலுக்குச் சராசரி 34 காசு விற்ற ரப்பர், 1932இல் 7 காசுக்கு இறங்கிற்று. தோட்டங்கள் ஆட்களைக் குறைத்தன. 1930இல் புதிய ஆட்சேர்ப்பு நிறுத்தப்பட்டது. 1930 முதல் 1932 வரை ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். கிராணிமாரும் தப்பவில்லை, தோட்ட ஆபீசுகளிலும் சர்க்கார் இலாகாக்களிலும் ஆட்குறைப்பு நடந்தது. தலைநிமிரச் சொன்ன குரல் காதில் ஒலிக்கும்போதே, வயிறு "பாதம் பணிந்து" என்று எழுதச் சொல்லிற்று. இதைக் காட்டிலும் கொடிய முரண்பாடு வேறு உண்டோ?

பின்னர் வந்தது ஜப்பானியர் ஆட்சி. 1942 முதல் 1945 வரை நடந்த அக்காலத்தில், சயாம் ரயில் பாதை வேலைக்குத் தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் கொண்டுபோகப்பட்டனர். போனவரிற் பெருந்தொகையினர் அக்காட்டிலேயே மாண்டனர். மீண்டவருட் பலருக்கு உடலில் சதையும் இல்லை, கையில் காகிதமும் இல்லை. இன்ன தோட்டத்தில் இத்தனை வருஷம் உழைத்தேன் என்று கூறினால் அதற்குச் சாட்சி யார்? உழைப்பின் பதிவு பிறர் அலமாரியில் மாத்திரம் இருப்பதன் ஆபத்தை அந்த யுத்தம் நமக்கு நன்கு உணர்த்திற்று.

சுதந்திரத்துக்குப் பின்னரும் வேலையிழப்பு நம்மைத் தொடர்ந்தது. 1950களில் ஆங்கிலேயக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து மறுவிற்பனை செய்தனர். தலைமுறையாக உழைத்த குடும்பங்கள் தெருவில் நின்றன. தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் 1954இல் அமைந்து தொழிலாளருக்காக வாதாடிற்று. வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தொழிலாளரின் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்க வழி கண்டார். 1968ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை இல்லாதவர்க்கு வேலை அனுமதிச் சீட்டு வேண்டும் என்றது. சிவப்பு அடையாளச் சீட்டு வைத்திருந்தோர் மனு எழுதுவோரின் மேசை முன் வரிசை பிடித்து நின்றனர். பல்லாயிரவர் பிறந்த ஊருக்கே திரும்பினர். குடியுரிமைக்கு முன்னமேயே உரிய காலத்தில் விண்ணப்பம் எழுதியிருந்தால் தங்கியிருக்கக் கூடியவர் அவருள் எத்தனை பேர்! எழுதாத ஒரு தாள் ஒரு குடும்பத்தைக் கடல் கடத்திவிடும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமா?

சட்டம் சிறிது சிறிதாகத் துணைக்கு வந்தது. மலேசியாவில் 1980ஆம் ஆண்டு விதிகள், ஐந்து வருஷமும் அதற்கு மேலும் உழைத்தவரை ஆட்குறைப்புச் செய்தால் வருஷம் ஒன்றுக்கு 20 நாள் சம்பளத்துக்குக் குறையாத ஈட்டுத்தொகை கொடுக்க வேண்டும் என்று வகுத்தன. 2018 ஜனவரி 1 முதல் வேலை காப்புறுதித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. வேலையிழந்தவருக்குச் சில மாதங்கள் உதவிப் படியும், அதனோடு புது வேலை தேடும் ஆலோசனையும் அத்திட்டத்தில் அடங்கின. சிங்கப்பூரிலும் 2025 ஏப்ரலில் தொடங்கிய திட்டம், தகுதியுடையோருக்கு ஆறு மாதத்தில் 6,000 வெள்ளி வரை உதவித்தொகை வழங்கி, வேலை தேடும் முயற்சிகளோடு அதனை இணைத்தது. ஆகவே, தன்விவரக் குறிப்பு எழுத உதவி பெறுவது ஒருவர் போடும் பிச்சையன்று. மலேசியாவில் அது தொழிலாளியும் முதலாளியும் சந்தா கட்டி வளர்த்த உரிமையின் ஒரு பகுதி என்பதை நம் மக்கள் உணரவேண்டும்.

இவ்வளவும் சொல்லும் நாம், கண்ணாரக் கண்ட ஒரு செய்தியையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. தோட்டத்துக் கிராணி வேலையில் உள்ள எமக்குத் தொழில் பழக்கிய பெரிய கிராணியார் ஒருவர் உண்டு. அவர் உழைத்த தோட்டம் வீடமைப்புக்காக விற்கப்பட்டபோது, அவருக்கு வயது 51. சேவை 26 வருஷம். தோட்டத்திலுள்ள அத்தனை பேருக்கும் மனுவும் விண்ணப்பமும் எழுதிக் கொடுத்த கை அவருடையது. அந்தக் கை தம்முடைய வரலாற்றை எழுத அமர்ந்தபோது ஒரு வரிக்கு மேல் ஓடவில்லை. "கிராணி உத்தியோகம், 26 வருஷம்" — அவ்வளவே. மூன்று வாரம் அத்தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது பழமொழி. அது எத்துணை உண்மை என்பதை அன்று கண்டோம்.

பிறகு, வேலைவாய்ப்பு ஆலோசகரான ஓர் இளம்பெண்ணிடம் அவரை அழைத்துச் சென்றோம். தம் மகள் வயதுடைய பெண்ணின் முன் அமர அவர் கூசினார். அப்பெண்ணோ அத்தாளைப் படித்துவிட்டு, "ஐயா, மாதம் எத்தனை பேருக்குச் சம்பளப் பட்டியல் போட்டீர்கள்?" என்று கேட்டார். "ஏறக்குறைய 180 பேருக்கு, அம்மா." "அதில் பிழை வந்து தொழிற்சங்கம் வரை போனதுண்டா?" "ஒரு தடவையும் இல்லை." "சேமநிதி, சொக்சோ கணக்கெல்லாம்?" "நானேதான்." "பேரேட்டிலிருந்து கணினிக்கு மாறியபோது யார் மாற்றினார்கள்?" அவர் சற்று மௌனமாயிருந்து, "நான்தான். இரவில் தங்கி ஏழு மாதம் ஏற்றினேன்" என்றார். "வெளிநாட்டுத் தொழிலாளரின் அனுமதிச் சீட்டு?" "அதுவும் என் மேசைதான்." ஒரு மணி நேரத்தில் ஒரு வரி ஒரு பக்கமாயிற்று. அதில் பொய் ஒன்றும் இல்லை; புகழ்ச்சியும் இல்லை. அவர் செய்தவை மாத்திரமே இருந்தன. அதை வாசித்த பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "இவ்வளவும் நானா செய்தேன்?" என்று கேட்டார். அதன் பின் நான்கு மாதத்தில் ஒரு சரக்குக் கிடங்கில் கணக்கு வேலை கிடைத்தது. சம்பளம் முன்னதினும் குறைவு. ஆயினும் அவர் யாருடைய பாதத்தையும் பணிந்து அவ்வேலையைப் பெறவில்லை.

பழைய மனுவுக்கும் புதிய குறிப்புக்கும் உள்ள வேறுபாடு இதனால் விளங்கும். மனு எழுதுவோர் நம் வறுமையைக் கேட்டு எழுதினார். இன்றைய ஆலோசகர் நம் திறமையைக் கேட்டு எழுதுகின்றார். முன்னது எஜமானனின் இரக்கத்தை நாடும். பின்னது அவனுடைய தேவையை நோக்கும். வேலையின் பெயரைச் சொல்லி நிறுத்தாமல், செய்த காரியத்தையும் அதன் அளவையும் சொல்வது. கடைசியாகச் செய்த வேலையை முதலில் வைப்பது. நாடும் வேலைக்கு வேண்டியதை முன்னிறுத்தி வேண்டாததை நீக்குவது — இவையே அக்கலையின் சாரம். விளம்பரத்திற் கண்ட சொற்களை, உண்மைக்கு மாறின்றி, குறிப்பிலும் ஆளுவது நன்று. ஏனெனில், இந்நாளில் பெரிய ஸ்தாபனங்கள் பலவற்றில் மனிதக் கண்ணுக்கு முன் கணினியே விண்ணப்பங்களைச் சலித்தெடுக்கின்றது.

எச்சரிக்கையும் வேண்டும். உதவி செய்பவர் கேள்வி கேட்டு எழுதுகின்றாரா, கேளாமலே எழுதுகின்றாரா என்று பார்மின். கேளாமல் எழுதுபவர் தம் கற்பனையை விற்கின்றார். இல்லாத பட்டத்தையும் செய்யாத வேலையையும் சேர்ப்பவர், நேர்காணலில் நம்மைத் தனியே நிறுத்திவிட்டு மறைந்துபோவார். பணம் கொடுத்தால் வேலை நிச்சயம் என்று வாக்களிப்பவரை நெருங்கவே வேண்டா. குறிப்பு கதவைத் தட்டும். திறப்பது வேறொருவர் கை. அதனால் சர்க்காரும் சங்கங்களும் இலவசமாகத் தரும் உதவியை முதலில் நாடுவதே அறிவுடைமை.

அன்பர்களே! துண்டு நம் கடனை எழுதிற்று; செக்ரோல் நம் நாட்களை எழுதிற்று; நற்சாட்சிப் பத்திரம் நம் பணிவை எழுதிற்று. நம் உழைப்பை எழுதிய தாள் நம்மிடம் இருந்ததில்லை. இனியேனும் இருக்கட்டும். வேலை போகும் வரை காத்திராமல், வேலையில் இருக்கும்போதே வருஷத்துக்கு ஒரு முறை, என்ன செய்தோம், எவ்வளவு செய்தோம், என்ன கற்றோம் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்போம். எழுதத் தெரியாத தாய்மாருக்கு, படித்த பிள்ளைகள் அருகமர்ந்து கேட்டு எழுதிக் கொடுக்கட்டும். "சும்மா தோட்டத்து வேலைதான்" என்று அவர் கூறினால், அங்கே நிறுத்திவிடாமல், எத்தனை மரம் வெட்டினீர்கள், எத்தனை பிள்ளைகளை வளர்த்தீர்கள் என்று அடுத்த கேள்வியைக் கேட்கட்டும். எழுதுவது பிறர் கையாயிருக்கலாம். சரித்திரம் நம்முடையதாயிருக்க வேண்டும்.